கடாரத்து அகழாய்வும் பொதுமக்கள் தொண்டும்

பினாங்குத் துறைமுகத்தில் நின்று, வானம் தெளிந்த நாளில் வடக்கே நோக்குவார்க்குக் கடலுக்கு அப்பால் நீலநிறத்தில் ஒரு மலை தோன்றும். கெடா மாநிலத்துக் குனோங் ஜெராய் என்பது அதன் பெயர். ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரமுள்ள அம்மலை, வங்கக் கடலைக் கடந்துவந்த பண்டை மாலுமிகட்குக் கரையைக் காட்டும் அடையாளமாக விளங்கியது என்பர் வரலாற்றறிஞர். அதன் தென்சாரலில், மெர்போக் ஆற்றையும் மூடா ஆற்றையும் ஒட்டிப் பரந்து கிடக்கும் நிலத்தைப் பூஜாங் பள்ளத்தாக்கு என வழங்குவர். தமிழர் கடாரம் எனப் போற்றும் பழம்பதி இப்பகுதியே என்பது அறிஞர் பலர் துணிபு.

கடாரம் என்றவுடன் நம்மவர் உள்ளத்தில் எழுவது இராசேந்திர சோழனின் கடற்படையே. பள்ளி விழாக்களிலும் இலக்கிய மேடைகளிலும் கடாரங்கொண்டான் என்னும் பட்டம் முழங்காத ஆண்டில்லை. ஆனால் அப்பெயருக்குரிய மண்ணைத் தோண்டி, சலித்து, கழுவி, எண்ணிட்டு, ஏட்டில் எழுதிவைத்தவர் யாவர்? அவ்வேலையில் பொதுமக்களின் பங்கு யாது? இனிமேல் அவர்கள் செய்யக்கூடிய தொண்டு எத்தகையது? இவ்வினாக்களை ஆராய்வது தமிழாசிரியர்க்கும் தமிழ் படிப்போர்க்கும் பயனுடையதாகும்.

நூல்களில் கண்ட கடாரம்

காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் வந்து குவிந்த பண்டங்களை எண்ணுமிடத்துப் பட்டினப்பாலை காழகத்திலிருந்து வந்த பொருளையும் குறிக்கின்றது. காழகம் என்பதற்குக் கடாரம் எனப் பொருள் கொண்டார் நச்சினார்க்கினியர். முதலாம் இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டைக் குறிக்கும் ஆனைமங்கலச் செப்பேடுகள், கடாரத்து அரச மரபினர் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் கொடையாக வழங்கப்பட்ட செய்தியைக் கூறுகின்றன. அஃது ஏறத்தாழக் கி.பி. 1006ஆம் ஆண்டு. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்நட்பு பகையாக மாறியது. 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திரனின் படை கடல்கடந்து சென்று கடாரத்தரசனை வென்றதைத் தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள கல்வெட்டு விரித்துரைக்கின்றது.

நூலும் செப்பேடும் கல்வெட்டும் நமக்குத் தருவன இவ்வளவே. அவை அரசர் பெயரையும் கொடையையும் வெற்றியையும் கூறும். கடாரத்தில் வாழ்ந்த மக்கள் எத்தொழில் செய்தனர், எப்பானையில் சமைத்தனர், எத்துறையில் படகு கட்டினர், யாரை வணங்கினர் என்பவற்றை அவை கூறா. கூறவல்லது மண் ஒன்றே. அம்மண்ணும், கேட்கும் முறையறிந்து கேட்டால்தான் விடை கூறும்.

கல் பெயர்ந்தது, இடம் மறைந்தது

இப்பகுதியின் தொன்மையை முதன்முதல் ஊன்றி நோக்கியவர் ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கிலேயர். சென்னைப் படையைச் சேர்ந்த இவர், பினாங்கின் எதிர்க்கரையில் உள்ள செபராங் பிறையில் அதிகாரியாகப் பணிபுரிந்தார். அக்காலத்தில் அந்நிலப்பகுதிக்கு வெல்லெஸ்லி மாகாணம் என்று பெயர். புக்கிட் மெர்தாஜாமுக்கு அருகில் செரோக் தோக்குன் என்னுமிடத்துப் பாறையில் உள்ள பழைய எழுத்துகளை அறிஞருலகுக்குத் தெரிவித்தவர் இவரே. அப்பாறை இன்றும் புனித அன்னாள் தேவாலய வளாகத்தில் இருக்கின்றது.

1834ஆம் ஆண்டில் லோ கண்டெடுத்த மற்றொரு கல் இன்னும் புகழ் வாய்ந்தது. அதில் ஒரு தூபியின் வடிவமும், அதனைச் சுற்றித் தென்னிந்திய எழுத்து வகையில் அமைந்த வடமொழி வாசகமும் உள்ளன. இரக்தமிருத்திகை என்னும் ஊரினனான புத்தகுப்தன் என்ற பெருமாலுமி தன் பயணம் இனிது முடிய வேண்டிச் செய்த நேர்த்தியை அஃது அறிவிக்கின்றது. எழுத்தமைதி கொண்டு அதனைக் கி.பி. 5ஆம் நூற்றாண்டினது என்பர். இரக்தமிருத்திகை வங்காளத்து முர்சிதாபாத் பகுதியில் இருந்தது என்பது அறிஞர் முடிவு. வங்கத்து மாலுமி, தென்னாட்டு எழுத்து, வடமொழி வாசகம், மலாய்த் தீபகற்பத்துக் கரை ஆகிய நான்கும் ஒரு சிறு கல்லில் கூடியிருத்தல் வியப்பன்றோ!

அக்கல் கல்கத்தாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அந்நகரத்து இந்திய அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது. கல் காப்பாற்றப்பட்டது என மகிழலாம். ஆனால் அது கிடந்த இடம் எது என்னும் செய்தி தெளிவாக நமக்கு வந்து சேரவில்லை. மூடா ஆற்றுக்கு வடக்கே கெடாவைச் சேர்ந்த புக்கிட் மெரியாம் என ஒரு குறிப்பும், ஆற்றுக்குத் தெற்கே வெல்லெஸ்லி மாகாணத்தின் வடபகுதி என வேறொரு குறிப்பும் உள்ளன. கல்லின் அருகில் என்னென்ன இருந்தன, அது நின்றிருந்ததா வீழ்ந்திருந்ததா, அதன் கீழிருந்த மண் எத்தகையது என்பவற்றை இனி எவரும் அறிய இயலாது. ஒரு பொருள் தன் இடத்தை விட்டு எழுந்த நொடியில் அதன் வரலாற்றில் ஒரு பகுதி அழிந்துபோகும். எழுதிவைத்த குறிப்பு ஒன்றே அவ்வழிவுக்கு ஈடு.

சிப்பி மேடுகள் சுண்ணாம்பான கதை

பினாங்கு மாநிலத்துக்கு உட்பட்ட குவார் கெப்பா, மூடா ஆற்றங்கரையை ஒட்டிய சிற்றூர். கற்காலத்து மக்கள் உண்டு கழித்த சிப்பிகள் பன்னூறு ஆண்டுகளாகக் குவிந்து அங்கே மேடுகளாக நின்றன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜார்ஜ் வின்ட்சர் ஏர்ல் என்பார் அவற்றைக் கண்டு எழுதியபோதே, சுண்ணாம்பு சுடுவோர் அம்மேடுகளை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தனர். அவர்கள்மீது குற்றம் சாட்டுதல் பொருந்தாது. சிப்பி அவர்கட்குச் சுண்ணாம்பு. அதற்குள் மனிதர் வரலாறு உறங்குவதை அவர்களுக்கு எடுத்துக் கூறியவர் எவருமிலர்.

1934ஆம் ஆண்டில் வான் ஸ்டைன் காலன்பெல்ஸ் என்னும் டச்சு அறிஞர் எஞ்சியவற்றை அகழ்ந்தார். அங்குக் கிடைத்த மனித எலும்புகள் நெதர்லாந்து நாட்டு லெய்டன் நகருக்குச் சென்றன. கடாரத்தைக் குறிக்கும் ஆனைமங்கலச் செப்பேடுகளும் சென்றடைந்தது அந்நகரத்தையே. அதனாலேயே அவற்றுக்கு லெய்டன் செப்பேடுகள் என்ற பெயரும் உண்டு. நாகப்பட்டினத்து ஆவணமும் செபராங் பிறையின் எலும்பும் தத்தம் ஊரை நீங்கி ஒரே அயல் நகரில் தங்க நேர்ந்தது வரலாற்றின் விந்தை.

2017ஆம் ஆண்டில் குவார் கெப்பாவில் காட்சிக்கூடம் அமைக்கும் பணி நடைபெற்றபோது மீண்டும் ஓர் எலும்புக்கூடு வெளிப்பட்டது. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துத் தொல்லியலார் அதனை முறைப்படி அகழ்ந்து ஆராய்ந்தனர். 5,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவ்வெலும்புக்கூடு இன்று பினாங்குப் பெண் என்று பெயர் பெற்றுள்ளது. சுண்ணாம்புக் காளவாய்க்குத் தப்பிய சிறு பகுதியில் இத்தகைய செல்வம் இருந்ததெனின், எரிந்துபோன பெரும்பகுதியில் எத்துணை இருந்திருக்கும் என எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இத்தகைய அழிவு இந்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 19ஆம் நூற்றாண்டில் லாகூர் முதல் மூல்தான் வரை புகைவண்டிப் பாதை போட்டபோது, அரப்பாவின் செங்கற்கள் தண்டவாளத்துக்கு அடியிடப் பயன்பட்டன. கற்றறிந்த பொறியாளரே செய்த செயல் அது.

தோட்டத்தில் கிடந்த கோயில்கள்

1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் என்பாரும் அவர் மனைவியார் டோரத்தி வேல்சும் பூஜாங் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ முப்பது இடங்களை ஆராய்ந்தனர். 1940ஆம் ஆண்டில் அவ்வாய்வு நூலுருவம் பெற்றது. அவர்கள் இட்ட எண்களாலேயே பல இடங்கள் இன்றும் சுட்டப்படுகின்றன. இவற்றுள் சில அடர்ந்த காட்டிலும், சில ஆற்றோரத்திலும், சில சுங்கை பத்து போன்ற தோட்டங்களின் எல்லைக்குள்ளும் இருந்தன.

பின்னர் அலஸ்டர் லாம் என்னும் அறிஞர் 1958 முதல் 1960 வரை புக்கிட் பத்து பகாட் என்னுமிடத்துக் கோயிலை அகழ்ந்து, சிதறிக் கிடந்த கருங்கற்களை உரிய இடத்தில் அடுக்கிப் புதுப்பித்தார். அப்பணியின்போது அறைகள் குடைந்த கற்பேழைகள் வெளிப்பட்டன. கோயில் எழுப்பும்போது நிலத்தில் மணியும் பொன்னும் இடும் வழக்கத்தை நம் சிற்பநூல்கள் கூறும். அவ்வழக்கம் கடல்கடந்தும் வழங்கியமைக்கு அப்பேழைகள் சான்று. லாம் ஆராய்ந்த பெங்காலான் பூஜாங் என்னும் பழைய துறையில் சீனப் பீங்கான் ஓடுகளும் மேலை ஆசியக் கண்ணாடித் துண்டுகளும் மணிகளும் மிகுதியாகக் கிடைத்தன. புதுப்பித்த கோயிலை ஒட்டி 1980ஆம் ஆண்டில் தொல்லியல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. வேறிடங்களில் இருந்த கோயில்கள் சிலவும் பெயர்த்துக் கொணரப்பட்டு அதன் வளாகத்தில் அமைக்கப்பட்டுள்ளன.

இவ்வாய்வுகள் யாவும் அறிஞர் பெயராலேயே வழங்குகின்றன. அது முறையே. எனினும் காட்டை வெட்டி வழி செய்தவரும், மண்ணைக் கூடையில் சுமந்தவரும், கல்லைக் கயிறு கட்டித் தூக்கியவரும் உழைக்காமல் எந்த அகழாய்வும் நடந்ததில்லை. அவர்கள் பெயர் ஏட்டில் ஏறுவது அரிது. தொல்லியல் தொண்டு என்பது இக்காலத்தில் தோன்றிய புதுமை எனக் கருதுவோர் இதனை நினைவிற் கொள்ளல் நலம்.

தோண்டுதலும் அகழ்தலும்

தோண்டுதல், அகழ்தல் என்னும் சொற்கள் பேச்சு வழக்கில் ஒரு பொருளன. தொல்லியலில் அவற்றின் வேற்றுமை பெரிது. தோண்டுபவன் பொருளைத் தேடுகின்றான். அகழ்பவன் பொருளையும் அது கிடந்த மண்ணையும் சேர்த்துப் படிக்கின்றான்.

மண் அடுக்கடுக்காகப் படிகின்றது. ஒரு குடியிருப்பு அழிந்தபின் அதன்மேல் மணல் படியும், அம்மணல்மேல் வேறொரு குடியிருப்பு எழும். குலையாத அடுக்குகளில் கீழுள்ளது முந்தியது, மேலுள்ளது பிந்தியது. ஓர் அடுக்கிலுள்ள பொருளுள் ஒன்றின் காலம் தெரிந்தால், அதனுடன் கிடந்த ஏனையவற்றின் காலத்தை அதனைக்கொண்டு உய்த்துணரலாம். அடுக்கைக் கலைத்துவிட்டால் அவ்வழி அடைபட்டுப்போகும்.

புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டின் கதை இதனை நன்கு விளக்கும். அவ்வூர்ச் சிறுவர் ஆற்றங்கரையில் அழகிய மணிகளைப் பொறுக்குவது வழக்கம். பிரெஞ்சுப் பேராசிரியரான ழூவோ துப்ரேய் அவற்றைக் கண்டு, அவ்விடத்தின் சிறப்பை 1937ஆம் ஆண்டளவில் உணர்ந்தார். ஆயினும் மணிகள் மட்டும் காலத்தைக் கூறவில்லை. 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் இந்திய மாணவர்களுக்குப் பயிற்சியளித்துக்கொண்டே அங்கு முறைப்படி அகழ்ந்தார். இத்தாலியில் செய்த சிவந்த மட்கல ஓடுகள் சில அடுக்குகளில் கிடைத்தன. அவற்றின் காலம் கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கம் என ஐரோப்பாவில் முன்னரே அறுதியிடப்பட்டிருந்தது. ஆதலின் அவற்றோடு கிடந்த உள்நாட்டு ஓடுகளுக்கும் காலம் கிடைத்தது. அதே வகை ஓடு தென்னாட்டின் வேறிடங்களில் கிடைத்தபோது அவ்விடங்களின் காலத்தையும் கணிக்க வழி பிறந்தது. உடைந்த சில சட்டித் துண்டுகள் ஒரு நாட்டின் கால வரிசைக்கே அளவுகோலாயின. அவை சிறுவர் கைப்பையில் சேர்ந்திருந்தால் இது நிகழ்ந்திராது.

தொண்டர் செய்யும் வேலை

அகழாய்வில் தொண்டு செய்ய விழைவோர் முதலில் அறியவேண்டுவது, அது மெதுவான வேலை என்பதே. நிலத்தை அளந்து, முளையடித்து, கயிறு கட்டிச் சதுரங்களாகப் பிரிப்பர். ஒவ்வொரு சதுரத்துக்கும் ஓர் எண் உண்டு. மண்வெட்டியால் ஆழ வெட்டுவது மேற்பரப்பைத் துப்புரவு செய்யும்போது மட்டுமே. அதன்பின் கொத்தனாரின் கரணை போன்ற சிறு கருவியால் மண்ணை மெல்லியதாகச் சுரண்டவேண்டும். மண்ணின் நிறம் மாறும் இடத்தில் கை நிற்கவேண்டும். கருத்த வட்டம் ஒன்று தோன்றினால், மரத்தூண் நின்று மக்கிய குழியாக அஃது இருக்கலாம். விரைந்து சுரண்டும் கை அத்தூணை இரண்டாம் முறை அழித்துவிடும்.

பால்மரம் சீவுவோரின் கைத்திறம் இங்கு நினைவுக்கு வருதல் இயல்பு. பட்டையை மெல்லியதாகச் சீவவேண்டும், உள்மரத்தில் காயம் படக்கூடாது, நாள்தோறும் சாய்வு மாறாதிருக்கவேண்டும். தோட்டத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பயின்ற கைப்பழக்கம் இது. அகழ்குழியில் வேண்டப்படும் பொறுமையும் இத்தகையதே. கல்லூரிப் பட்டம் இல்லாமையால் இவ்வேலை தமக்கு ஏலாது என எவரும் ஒதுங்கவேண்டியதில்லை.

சுரண்டிய மண்ணைக் கூடையில் எடுத்துச் சல்லடையில் சலிக்கவேண்டும். கண்ணுக்குத் தப்பிய மணியும் மீன்முள்ளும் விதையும் சல்லடையில் சிக்கும். பானை ஓடுகளைத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றிலும் இடம், சதுரம், அடுக்கு ஆகியவற்றைக் குறிக்கும் எண்ணை நுண்ணிய எழுத்தில் இடவேண்டும். கரித்துண்டு கிடைத்தால் வெறுங்கையால் தொடலாகாது. அதிலுள்ள கதிரியக்கக் கரியணுக்கள் 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும் என்ற கணக்கைக்கொண்டே அதன் காலத்தை அறிகின்றனர். புதிய கரிப்பொருள் கலந்துவிட்டால் கணக்குப் பிழைபடும்.

இவை யாவற்றினும் சிறந்தது குறிப்பேடு. அன்று கண்டதை அன்றே எழுதவேண்டும். ஒன்றும் கிடைக்காத நாளில் ஒன்றும் கிடைக்கவில்லை என எழுதவேண்டும். வெறுமையும் தொல்லியலில் ஒரு சான்று.

சுங்கை பத்து கூறும் செய்தி

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் உலகத் தொல்லியல் ஆய்வு மையத்தார் பேராசிரியர் மொக்தார் சைடின் தலைமையில் 2009ஆம் ஆண்டு முதல் சுங்கை பத்தில் விரிவான அகழாய்வு நடத்தினர். தோட்ட மரங்களுக்கு இடையே 97 மேடுகள் இனங்காணப்பட்டன. அகழ்ந்த மேடுகளில் இரும்பு உருக்கிய உலைகள், துருத்தியின் காற்றை உலைக்குள் செலுத்திய களிமண் ஊதுகுழல்கள், குவியல் குவியலாக இரும்புக் கசடு, செங்கல்லால் அமைந்த படகுத்துறைகள், வட்ட அடித்தளம் கொண்ட வழிபாட்டுக் கட்டடம் ஆகியவை வெளிவந்தன. இன்று நிலத்தின் நடுவே கிடக்கும் அத்துறைகள், பண்டு அகன்ற நீர்வழி ஒன்று அங்கு இருந்ததைக் காட்டுகின்றன. இவ்விரும்புத் தொழில் கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளிலேயே தோன்றியதென ஆய்வாளர் சிலர் வெளியிட்ட காலக்கணிப்பை வேறு அறிஞர் சிலர் ஐயுறுகின்றனர். ஆராய்ச்சியில் இத்தகைய வழக்கு எழுவது நன்றே. மேலும் அகழ்ந்தால் உண்மை தெளிவுறும்.

இங்குத் தமிழ் அன்பர்கள் நெஞ்சில் நிறுத்தவேண்டிய செய்தி ஒன்றுண்டு. தமிழர் ஒருவர் இம்மண்ணில் தொண்டு செய்யச் சென்றால், சோழர் காசையோ தமிழ்க் கல்வெட்டையோ காணவேண்டும் என்ற ஆசை அவர் உள்ளத்தில் இருக்கும். அவர் கூடையில் விழுவன பெரும்பாலும் கசடும் ஊதுகுழல் உடைவுமே. அவை யாருடைய பெருமை? இம்மண்ணில் வாழ்ந்து உலை ஊதிய, பெயர் தெரியாத மக்களுடைய பெருமை. தமிழ் வணிகரும் வங்க மாலுமியும் சீனரும் அரபு நாட்டாரும் வந்தது, இங்குள்ளோர் செய்து குவித்த பொருளையும் காட்டு விளைவையும் நாடியே அன்றோ! வந்தவர் சிறப்பைப் பாடுங்கால் வரவேற்றவர் உழைப்பை மறைத்தல் அறமாகாது.

தமிழர் கடல்கடந்து வணிகம் செய்தமைக்குச் சான்று இல்லாமல் இல்லை. சுமத்திராவின் பாரூசில் 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவைக் குறிக்கின்றது. தாய்லாந்தின் தக்குவாபாவில் மணிக்கிராமத்தாரைக் குறிக்கும் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. அவை இருக்கும் இடத்தில் அவற்றைப் பெருமையுடன் எடுத்துரைக்கலாம். பூஜாங் பள்ளத்தாக்கின் பெயர்பெற்ற பழங்கல்வெட்டுகளோ வடமொழியின. அதனை அவ்வாறே மாணவர்க்குக் கூறுதல் ஆசிரியர் கடன். விரும்பியதைத் தேடும் கண் கண்டதை எழுதாது. தொண்டர்க்கு உடல் வலிமையினும் இந்நடுவுநிலைமையே முதல் தகுதி.

பதினொன்றாம் எண் கோயில்

2013ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்த ஒரு செய்தி நாட்டையே திடுக்கிடச் செய்தது. சுங்கை பத்தில் பதினொன்றாம் எண்ணால் குறிக்கப்பெற்ற பழங்கோயிலின் அடித்தளம், நிலமேம்பாட்டுப் பணியின்போது இயந்திரத்தால் இடித்துத் தள்ளப்பட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டதாகக் கருதப்பட்டது அது. நிலம் தனியாருக்கு உரியது, மரபுச் சின்னமாக அரசிதழில் அறிவிக்கப்படாதது என விளக்கம் கூறப்பட்டது. பூஜாங் பள்ளத்தாக்கு ஆய்வு வட்டத்தின் தலைவரும், பழங்கெடாவைப் பற்றி 2011ஆம் ஆண்டில் ஆங்கில நூல் எழுதியவருமான வழக்கறிஞர் வீ. நடராஜன் போன்றோர் குரலெழுப்பினர். பினாங்கின் துணை முதலமைச்சராக அப்போதிருந்த பேராசிரியர் பி. இராமசாமியும் இதனைப் பலரறியச் செய்தார். எதிர்ப்பு எழுந்தது, கூட்டங்கள் நடந்தன. ஆனால் கோயில் எழவில்லை.

இயந்திரம் ஓட்டியவனை மட்டும் நோவதால் பயனில்லை. அவனும் குவார் கெப்பாவில் சிப்பி எடுத்தவனைப் போன்றவனே. அந்த இடத்தைச் சுற்றி வாழ்ந்தோருள், 'இது இன்னது, இதன்மேல் இயந்திரம் ஏறக்கூடாது' என்று முன்னதாகவே அறிந்து, உரியவரிடம் ஓடிச்சென்று கூறவல்லவர் நால்வர் இருந்திருந்தால் ஒருகால் அது தப்பியிருக்கும். செய்தித்தாளில் வந்தபின் எழும் கண்ணீர் காலங்கடந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடுகளாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறிவரும் நாளில், அகழாய்வுத் தொண்டைக் காட்டிலும் காவல் தொண்டே உடனடியாக வேண்டப்படுகின்றது.

இருப்பனவற்றைக் காத்தால் பயன் உண்டு என்பதற்கும் சான்றுள்ளது. கெடாவின் யான் வட்டாரத்துப் புக்கிட் சோராஸ் என்னும் குன்றை வேல்ஸ் ஆராய்ந்தபின் நெடுங்காலம் எவரும் பெரிதாகக் கருதவில்லை. 2023, 2024ஆம் ஆண்டுகளில் அங்கு நடந்த அகழாய்வில் பௌத்தக் கட்டடமும் சுதையால் செய்த மனித உருவங்களும் வெளிப்பட்டன. குன்று கலையாமல் கிடந்தமையாலேயே அவை கிடைத்தன.

ஆசிரியர் காட்டிய வழி

பொதுமக்கள் அகழாய்வில் பங்குகொள்வது உலகெங்கும் உள்ள வழக்கம். 1963 முதல் 1965 வரை யூதர்களின் பழங்கோட்டையாகிய மசாதாவை அகழ்ந்த யிகேல் யாதீன், செய்தித்தாள் வாயிலாகத் தொண்டர்களை அழைத்தார். 28 நாடுகளிலிருந்து மக்கள் தத்தம் செலவில் வந்து பாலைவனக் கூடாரத்தில் தங்கி உழைத்தனர்.

நம் தமிழகத்தில் இவ்வகையில் முன்னின்றவர்கள் பள்ளியாசிரியர்கள் என்பது பெருமிதத்துக்குரியது. 1970களில் கீழடிப் பள்ளியில் வரலாறு கற்பித்த பாலசுப்பிரமணியம், அவ்வூரில் கிணறு வெட்டியபோது வெளிவந்த பழம்பொருள்களைத் திரட்டித் தொல்லியல் துறைக்குத் தெரிவித்தார். அவ்வூரில் முறையான அகழாய்வு 2015ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. 2006ஆம் ஆண்டில் மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள செம்பியன் கண்டியூரில் ஆசிரியர் சண்முகநாதன் தம் வீட்டுத் தோட்டத்தில் குழி தோண்டியபோது வழவழப்பான கற்கோடரி ஒன்று கிடைத்தது. அவர் அதனைத் தொல்லியல் துறையில் இருந்த நண்பரிடம் ஒப்படைத்தார். அதில் உள்ள கீறல்கள் சிந்துவெளி எழுத்துகளே என ஐராவதம் மகாதேவன் கருதினார். அம்முடிவை ஏற்பாரும் உளர், மறுப்பாரும் உளர். எங்கே, எந்தக் குழியில் கிடைத்தது என்பது தெரிந்தமையாலேயே அவ்வழக்கு இன்றும் ஆராய்ச்சிக்கு உரியதாக உள்ளது. அக்கல் வீட்டு அலமாரியில் அழகுப் பொருளாக இருந்திருந்தால் வழக்கே இல்லை.

பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரமும் இத்தொண்டுக்கு உரிய களமே. 2015ஆம் ஆண்டளவில் சியா போய் என்னும் பழைய சந்தைப் பகுதியில் 19ஆம் நூற்றாண்டுப் பிரங்கின் கால்வாயின் சுவர்கள் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. அவ்விடம் 2019ஆம் ஆண்டில் தொல்லியல் பூங்காவாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கார்ன்வாலிஸ் கோட்டையைச் சூழ்ந்திருந்த அகழி 1920களில் தூர்க்கப்பட்டது. அண்மை ஆண்டுகளில் அதனை மீட்கும் பணி நடந்தது. அக்கோட்டையின் செங்கற் சுவரை எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து கொணரப்பட்ட கைதிகள் என்பதை மாணவர் அறிதல் வேண்டும். அரசர் வெற்றி மட்டுமே வரலாறன்று என்பதற்கு அச்சுவரினும் சிறந்த பாடம் வேறில்லை.

பள்ளிகள் செய்யத்தக்கவை

உரிமம் இன்றி அகழ்வதைச் சட்டம் தடுக்கின்றது. 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி, பழம்பொருளைக் கண்டவர் மரபுடைமை ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ தெரிவித்தல் கடமை. ஆதலின் ஆர்வ மிகுதியால் மாணவரை மண்வெட்டியுடன் மேட்டுக்கு அழைத்துச் செல்லுதல் நன்மையாகாது. உரிமம் பெற்ற பல்கலைக்கழகமோ அருங்காட்சியகமோ அழைக்கும்போது அவர்தம் ஆணைக்கு அடங்கித் தொண்டு செய்வதே முறை.

பள்ளியளவில் செய்யத்தக்கவை பல உள. ஒரு மரப்பெட்டியில் நான்கு நிற மணலை அடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கிலும் ஓட்டுச் சில்லு, காசு, பித்தான், விதை முதலியவற்றைப் புதைத்து, மாணவர் சிறு கரண்டியால் மெல்ல அகழ்ந்து, அளந்து, வரைந்து, எழுதும்படி செய்யலாம். ஒரு பாட வேளையில் அடுக்கின் தத்துவம் விளங்கிவிடும். கணக்கும் படம் வரைதலும் கட்டுரையும் அதிலேயே அடங்கும். தம் ஊரின் பழைய இடப்பெயர்களையும், கிணறு, குளம், மேடு, பழஞ்செங்கல் கிடக்கும் இடம் ஆகியவற்றையும் முதியோரிடம் கேட்டுப் படமாக வரையச் செய்யலாம். மெர்போக் அருங்காட்சியகத்துக்குச் செல்லும்போது ஒருவர் ஒரு பொருளை மட்டும் அரைமணி நேரம் நோக்கி எழுதும்படி பணிக்கலாம். எதையேனும் கண்டால் எடுக்காதே, இடத்தைக் குறி, பெரியோரிடம் சொல் என்னும் மூன்று கட்டளைகளை வகுப்புச் சுவரில் எழுதிவைக்கலாம்.

கடாரத்தை இராசேந்திரன் வென்ற செய்தி பாடநூலில் ஒரு வரி. அக்கடாரத்து மண்ணில் இன்னும் அகழப்படாத மேடுகள் பல உள்ளன. அவற்றின் அருகே இன்று பயிலும் சிறுவர் நாளை நில அளவையாளராகவும் பொறியாளராகவும் இயந்திரம் ஓட்டுவோராகவும் நிலவுரிமையாளராகவும் வளர்வர். பழஞ்செங்கல் ஒன்று இயந்திரத்தின் முன் தட்டுப்படும்போது அவருள் ஒருவர் இயந்திரத்தை நிறுத்தி இறங்கிப் பார்ப்பாராயின், இன்று ஆசிரியர் வகுப்பறையில் எடுத்த முயற்சி பயன் பெற்றதாகும்.